கம்பு பிடிக்க வந்த வெறுங்கைக்காரி

கம்பு பிடித்துச் சண்டை போடுகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. கையில் கட்டையோடு வருகிறவர் பாதிச் சண்டைக்காரர், மீதிப் பாதி அந்தக் கட்டை. கட்டையைப் பிடுங்கிவிட்டால் மிச்சமிருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடலாம். பத்தொன்பது வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவள், நாற்பத்து நான்காவது வயதில் வாயை மூடிக்கொண்டு கம்பு வகுப்பில் சேர்ந்தாள். அதுவும் யார் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தது என்றால், நாத்தனார்.

பட்டறையில் அவளுக்குப் பெயர் பைண்டரம்மா. அச்சாகி வரும் தாள்களை மடித்து, அடுக்கி, நூல் கோத்துத் தைத்து, முதுகில் பசை தடவித் துணி ஒட்டிப் புத்தகமாக்குகிற வேலை. நூறு தாளை அள்ளி மேசையில் நான்கு தட்டுத் தட்டினால் விளிம்பு மொழுமொழுவென்று நிற்கும். அடுக்கில் ஒரு தாள் நூலளவு துருத்திக்கொண்டிருந்தாலும் அவள் கண் நேராக அங்கேதான் போகும். பகல் முழுக்க இப்படிப் பொறுமையின் சிகரமாக இருந்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு மாடியேறிப் போய் ஆட்களைக் குத்துவாள்.

அந்த மாடி ஒரு மரச்சாமான் கிடங்குக்கு மேலே இருந்தது. மூன்றாம் தளம், லிஃப்ட் கிடையாது. செவ்வாய், வியாழன் வெறுங்கை வகுப்பு. புதன், சனி கம்பு வகுப்பு. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் தீராத புகைச்சல். கம்புக்காரர்கள் சுழற்றிச் சுழற்றி மூன்று மின்விசிறிகளை நொறுக்கிய பிறகு, கட்டடக்காரர் நான்காவதை மாட்ட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அதனால் வெறுங்கைக்காரர்களும் வேர்த்து விறுவிறுக்க வேண்டியதாயிற்று. பைண்டரம்மாவின் கோபத்தில் கொள்கை பாதி என்றால் அந்த வேர்வை பாதி.

அவளுடைய சண்டை நெருங்கிப் போடுகிற சண்டை. எதிராளியின் தோளைப் பார்ப்பாள். தோள் அசைந்தால் கை வரப்போகிறது என்று அர்த்தம். கை வருவதற்குள் அவள் உள்ளே போயிருப்பாள். ஒரு முழ இடைவெளிக்குள் போய்விட்டால் அப்புறம் அவள் வைத்ததுதான் சட்டம். வலது கைக் குத்துக்குத் தனி மரியாதை இருந்தது. அவள் கணவர் பல் செட் செய்கிறவர். "வீட்டுலயே ஒரு ஆள் உடைக்கிறா, ஒரு ஆள் கட்டறேன். தொழில் பிச்சிக்கிட்டுப் போகுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். உண்மையில் அவள் யார் பல்லையும் உடைத்ததில்லை. ஒருவருக்கு ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணவரின் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினான்கு வருடமாகக் கம்பு. அண்ணன் வீட்டுக்கு அவள் வந்தாலே எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"அண்ணி, உங்க கை எவ்வளவு நீளம்? ரெண்டடி இருக்குமா? என் கம்பு ஆறடி. நீங்க என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவேன்."

"கம்பை எங்கயாவது மறந்து வெச்சிட்டா என்ன பண்ணுவ? சண்டைக்கு வந்தவன்கிட்ட கொஞ்சம் இருங்க, வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்னு சொல்லுவியா?"

"துடைப்பம் இல்லாத வீடு இருக்கா அண்ணி? குடை இல்லாத ஆள் இருக்காங்களா? எனக்கு எங்கே போனாலும் ஆயுதம் இருக்கு."

"எனக்குத் தூங்கறப்பவும் இருக்கு" என்று அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள்.

பல் செட்காரர் மெழுகு அச்சிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். மனைவி பக்கம் பேசினால் தங்கை முகத்தைத் தூக்கிக்கொள்வாள், தங்கை பக்கம் பேசினால் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையை ஒரு சக்கரம் திருப்பிப் போட்டது. தைத்த புத்தகங்களை அடுக்கி வைத்து மேலிருந்து இறுக்குகிற இரும்பு அழுத்தி ஒன்று பட்டறையில் இருந்தது. அதன் தலையில் லாரி ஸ்டியரிங் அளவுக்கு ஒரு சக்கரம். திருகு தேய்ந்து போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் முழு பலத்தையும் கொடுத்து இறுக்கிக்கொண்டிருந்தபோது திருகு வழுக்கி, சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று, அதன் கம்பி அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு ஒன்று, திருகாணி ஆறு.

"தைக்கலாம், ஒட்டலாம், தாள் தட்டலாம்" என்றார் டாக்டர். "குத்தறது மட்டும் இனிமே கிடையாது."

"இடது கை நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"கீழ விழுந்தா எந்தக் கையை ஊணுவீங்க?"

"மெதுவா விழுந்தா?"

டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

கட்டுப் பிரித்து வேலைக்குப் போனாள். வீட்டில் மட்டும் அவளை அண்ட முடியவில்லை. கதவு சத்தமாகச் சாத்தப்பட்டது, பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது, பல் செட்காரர் மூச்சு விடுவதுகூடக் குற்றமாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, பழக்கதோஷத்தில் கால்கள் அவளைக் கிடங்கின் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. மேலே காலடிகள் தரையை உதைக்கும் சத்தம் கேட்டது. யாருடைய காலடி எது என்றுகூட அவளால் சொல்ல முடியும். ஏறவில்லை. அங்கேயே நின்று அழுதாள். அடி வாங்கி அழாதவள், கைமுறிந்து அழாதவள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போனாள். இனி தான் சண்டைக்காரி இல்லை, புத்தகம் தைக்கிறவள் மட்டும்தான் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

இது எப்படியோ நாத்தனார் காதுக்குப் போயிற்று. அடுத்த வாரம் பணி முடிந்து சீருடையோடு வந்தவள் கையில் மெல்லிய பிரம்பு ஒன்று, முனைகளில் பஞ்சு சுற்றியது.

"டாக்டரை நானே போய்ப் பார்த்துட்டேன் அண்ணி. இலேசா பிரம்பு பிடிக்கறது அந்தக் கைக்கு நல்லதுதானாம். கையுறை போட்டுக்கணுமாம். சனிக்கிழமை வாங்க."

"பத்தொன்பது வருஷம் நான் பேசின பேச்சுக்கு, எந்த முகத்தோட அங்க வந்து நிப்பேன்?"

"தலைக்கவசம் தருவோம். முகம் தெரியாது."

கம்பு வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவரை யார் கூட்டி வருகிறார்களோ, தேர்வு நாளில் எதிரே நின்று அடிக்க வேண்டியவரும் அவரேதான். சொந்தம், சிநேகம் என்று வேண்டுமென்றே மெதுவாக அடித்தது தெரிந்தால் இருவருக்கும் வாசல் மூடப்படும். இதனாலேயே அங்கே யாரும் யாரையும் சும்மா கூட்டி வருவதில்லை. தேர்வுக்கு இரண்டு வாய்ப்பு. மூன்று சுற்று நடக்கும். அதற்குள் ஒரே ஒரு தடவை எதிராளியின் மார்புக் கவசத்தைக் கம்பால் தொட்டுவிட்டால் வகுப்பில் நிரந்தர இடம். இரண்டு வாய்ப்பிலும் முடியவில்லை என்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வகுப்பை நடத்திய மருந்துக்கடைக்காரர் கறாரான ஆள். அளந்து பேசுவார், அளந்து சிரிப்பார்.

அவர் அவளுக்கு மஞ்சள் கைப்பட்டை கட்டிவிட்டார். நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக் கட்டுகிற பட்டை. பக்கத்தில் நின்றவள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெண். "ஆன்ட்டி, நீங்களும் புதுசா?" என்று கேட்டாள். பைண்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது மூக்குடைப்பு. வெறுங்கையில் எதெல்லாம் அவளைக் காப்பாற்றியதோ அதெல்லாம் இங்கே காலை வாரியது. தோளைப் பார்த்தாள், தோள் அசைவதற்குள் கம்பின் முனை வந்து மண்டையில் உட்கார்ந்தது. உள்ளே புகப் பார்த்தாள். புகுகிற வழியிலேயே இரண்டு அடி விழுந்தது. வெறுங்கையில் ஒரு கை தப்பினாலும் இன்னொரு கை இருக்கும், முழங்கை இருக்கும், கால் இருக்கும். இங்கே இரண்டு கையையும் ஒரே கட்டையில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. கம்பை உயிரைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்தாள். மருந்துக்கடைக்காரர் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டுப் போவார்; அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் விரல்கள் மறுபடி இறுகும்.

ஒரு வருடம் கழித்து முதல் தேர்வு. மூன்று சுற்றில் அவள் வாங்கியது பதினோரு அடி. தொட்டது ஒன்றுமில்லை. நாத்தனார் அன்றைக்கு இரக்கமே காட்டவில்லை. வீட்டுக்குப் போய் அவளும் சாப்பிடவில்லையாம்; பிறகுதான் தெரிந்தது.

"உங்க உடம்பு இன்னும் கம்பை நம்பலை" என்றார் மருந்துக்கடைக்காரர். "பழசையெல்லாம் மறங்க. கம்போட நீளம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு முதல்ல கத்துக்குங்க. அடுத்த தேர்வுக்கு ஆறு மாசம் இருக்கு."

மறப்பதற்கு அவள் என்ன சிலேட்டிலா எழுதி வைத்திருக்கிறாள்? அது முடியவில்லை. ஆனால் நீளம் என்று அவர் சொன்னது மனசில் நின்றது. நீளம், விளிம்பு, ஓரம் என்றால் அது அவள் தொழில். நூலளவு துருத்தலைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு இருக்கிறதே, அதை ஏன் இங்கே கொண்டுவரவில்லை? அன்றிலிருந்து நாத்தனாரை வீட்டு மொட்டை மாடிக்கு வரவழைத்து, "நீ சும்மா வீசிக்கிட்டே இரு. நான் அடிக்க மாட்டேன், பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். ஞாயிறு காலைகளில் இதே வேலை. கம்பு வீசப்படும், அவள் நிற்பாள், முனை முகத்துக்கு முன்னால் போகும். முதலில் ஒரு முழம் தள்ளி நின்றாள். பிறகு ஒரு சாண். நாலாவது மாதம் முனை அவள் மூக்குக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் போனபோது அவள் இமைகூட அசையவில்லை. பல் செட்காரர் துணி எடுக்க மேலே வந்தவர், இதைப் பார்த்துவிட்டுத் துணி எடுக்காமலே கீழே இறங்கிப் போனார்.

தேர்வுக்கு முந்தின நாள் அவரிடம் சொன்னாள். "இதுலயும் முடியலன்னா அவ்வளவுதாங்க. கையும் போச்சு, கம்பும் போச்சு. பையைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே நம்ம வீட்டுல வேண்டாம்."

அவர் கேலி எதுவும் பேசவில்லை. "நானும் வரேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மாடியை அவர் மிதித்ததில்லை.

காலை ஒன்பது மணி. சன்னல் வழியாகக் கிடங்கின் வார்னிஷ் வாசனை ஏறிக்கொண்டிருந்தது. கம்புக்காரர்கள் ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சுவரோரம், யாரும் எதிர்பார்க்காமல், வெறுங்கை வகுப்பு மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. அவளோடு பதினைந்து வருடம் மோதி, ஒரு பல்லை ஆடவிட்டுக்கொண்ட தையல்காரர் முன்வரிசையில் இருந்தார். பல் செட்காரர் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில். மருந்துக்கடைக்காரர் விதியைப் படித்தார். சுற்று ஒன்றுக்கு இரண்டு நிமிடம். கம்பு கீழே விழுந்தாலும் சுற்று நிற்காது. விழுந்ததை எடுக்கலாம், எதிராளியின் கம்பைப் பிடுங்கினால் அதாலும் தொடலாம்.

முதல் சுற்றில் நான்கு அடி. பேருந்து ஓட்டுகிறவளுக்குக் கையில் அப்படி ஒரு உரம். தலைக்கவசத்துக்குள் காது ரீங்காரமிட்டது. வெறுங்கைக்காரர்களின் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டாவது சுற்றில் கூடம் மெதுவாக அமைதியாயிற்று. காரணம், அடி எதுவும் விழவில்லை. வீச்சு வரும், அவள் ஒரு விரற்கடை சாய்வாள், முனை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். மறுபடி வரும், மறுபடி போகும். நாத்தனாருக்கு முதல் தடவையாக மூச்சு வாங்கியது. ஆனால் இவளாலும் தொட முடியவில்லை. முன்னால் நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவள் கம்பு அடித்துத் தள்ளப்பட்டது. இரண்டு நிமிடம் முடிந்தது.

மூன்றாவது சுற்று. பாதிக்குமேல் போய்விட்டது. நாத்தனார் கீழிருந்து மேலாக ஒரு அடி அடித்தாள். பைண்டரம்மாவின் கம்பில் வலதுபக்கம், சரியாகத் தகடு வைத்த கைக்குப் பக்கத்தில் விழுந்தது அடி. விரல் விட்டுக்கொடுத்தது. கம்பு எகிறித் தரையில் விழுந்து உருண்டு, கம்புக்காரர்களின் காலடியில் போய் நின்றது.

இந்த இடத்தில் கம்புக்காரர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் செய்வார்கள். கம்பை நோக்கி ஓடுவார்கள். எதிராளியும் அதைத் தெரிந்துகொண்டு, விழுந்த கம்புப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்து, குனிகிற முதுகில் போடுவார். வருடக்கணக்கில் பழகிப் பழகி அது உடம்பில் ஊறிப்போன விஷயம். நாத்தனாரின் கண்ணும் காலும் அவளைக் கேட்காமலே அந்தப் பக்கம் போயின.

பைண்டரம்மா கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவள் இரண்டு கையும் காலியாக இருந்தன. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. வெளியூர் போய் ரொம்ப நாள் கழித்துச் சொந்த வீட்டுப் படுக்கையில் விழுந்த மாதிரி. பத்தொன்பது வருடப் பழக்கம் உள்ளே போ என்றது. ஆனால் அப்படியே போயிருந்தால் பழையபடி வழியிலேயே இரண்டு வாங்கியிருப்பாள். அவள் போகவில்லை, நின்றாள். தப்பை உணர்ந்த நாத்தனார் திரும்பி அவசரமாக வீசினாள். முனை வந்தது. எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு விரற்கடை சாய்ந்தாள், முனை முகத்துக்கு முன்னால் கடந்து போயிற்று, அது திரும்பி வருவதற்கு முன்னால் அவள் உள்ளே இருந்தாள். அங்கே ஆறடிக் கம்பு வெறும் விறகு. இடது கையால் நடுவில் பற்றினாள், வலது கையைச் சும்மா மேலே வைத்தாள், இடுப்பைத் திருப்பினாள். கம்பு கைமாறியது. அதன் அடிமுனையை எடுத்து நாத்தனாரின் மார்புக் கவசத்தில், கதவு தட்டுவது போல, ஒரு தட்டுத் தட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் விசில் ஊதிக் கடிகாரத்தை நிறுத்தினார். "தொட்டாச்சு" என்றார்.

வெறுங்கைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பல் செட்காரர் நாற்காலியைக் கீழே தள்ளிக்கொண்டு எழுந்தார், யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாத்தனார் தலைக்கவசத்தைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. வெட்கமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் சிரிப்புத்தான் வந்தது.

"பதினாலு வருஷத்துல என் கம்பை யாரும் வாங்கினதில்ல அண்ணி."

"பாத்தீங்களா?" என்று தையல்காரர் எதிர்ச்சுவரைப் பார்த்துக் கத்தினார். "கைதான் ஜெயிச்சது."

"கம்பு எங்க முடியுதுன்னு கத்துக்காம அந்தக் கை உள்ள போயிருந்தா மண்டை ரெண்டாயிருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர், அளவாகச் சிரித்தபடி. உடனே இரண்டு சுவரிலிருந்தும் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். கையா, கம்பா என்று அந்தக் கூடமே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தது.

இந்த விவாதத்தைப் பத்தொன்பது வருடம் முன்னின்று நடத்தியவள் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவள் மருந்துக்கடைக்காரரின் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுற்றுல இன்னும் நேரம் இருக்கா?"

"நாப்பது விநாடி. அது தேவையில்லைங்க. நீங்க பாஸ். உட்காருங்க."

"அண்ணி, மணிக்கட்டு வலிக்குதில்ல? போதும், வாங்க."

அவள் மஞ்சள் பட்டையைக் கழற்றிக் கணவரை நோக்கி வீசினாள். நாத்தனாரின் கம்பை அவளிடமே நீட்டினாள். சுவரோரம் போய்த் தன்னுடையதை எடுத்துக்கொண்டு, விரல்களைத் தளர்த்திப் பிடித்து, வட்டத்துக்குள் வந்து நின்றாள்.

"கவசத்தைப் போடு" என்றாள்.

அந்த நாற்பது விநாடியில் அவள் இரண்டு அடி வாங்கினாள், ஒன்று கொடுத்தாள். கொடுத்தது கம்பால், முழு நீளத்துக்கும் தள்ளி நின்று, நாத்தனாரின் தலைக்கவசத்து நடு உச்சியில்.